பெட்டி இருக்கும்வரை

குச்சி ஐஸை உறையோடு இரண்டு விரலால் நெருடிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார் ஹரிசங்கர். நாடி பிடிக்கும் வைத்தியரின் முகம். எதிரே நிற்கும் ரிபாயிக்குத்தான் வியர்க்கிறது.

"ராத்திரி ஃப்ரீசர அமத்திட்டீய, பாய்."

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே குளிர்பானக் கடை வைத்திருப்பவர் ரிபாயி. பழியைத் தூக்கிக் கரண்டின் மேல் போடுகிறார். "கரண்டு போச்சு வே. நான் என்ன செய்ய?"

"கரண்டு போனா மேல கிடக்கதுதான் இளகும். இது அடி வரைக்கும் இளகித் திரும்ப உறைஞ்சிருக்கு. கப்பு மூடியத் திருப்பிப் பாருங்க, கல்கண்டு மாதிரி பூத்திருக்கு. உருகினது திரும்ப உறைஞ்சா அது அதே பொருள் இல்ல."

"நக்குத பிள்ளைக்கு அது தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே, பாய்."

பூத்த கப்புகளையெல்லாம் தன் நஷ்டத்தில் அள்ளி லோடு ஆட்டோவில் போட்டுக்கொள்கிறார். பின்னாலிருந்து ரிபாயியின் குரல் வருகிறது: "குச்சி ஐஸுக்குக் காய்ச்சல் பாக்குத டாக்டரு உலகத்துலயே நீரு ஒருத்தர்தான் வே!"

அந்த டாக்டர் பட்டம் ஊர் கொடுத்தது. பல்கலைக்கழகம் இன்னும் கொடுக்கவில்லை. பல்கலைக்கழகத்தைவிட ஊருக்கு எப்போதுமே தாராள மனசு.

ஹரிசங்கர் ஐஸ்கிரீம் ஏஜென்ட். கரிவலம்வந்தநல்லூர், திருவேங்கடம், குருவிகுளம் என்று அனலடிக்கும் சாலைகளில் ஒல்லியான உடம்பும் முழுக்கைச் சட்டையுமாக ஆட்டோ ஓட்டிப் போவார். வெயில் அவரை ஒன்றும் செய்வதில்லை. கடைக்காரர்கள் ஃப்ரீசர் மூடியைத் திறந்து போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவதுதான் அவருக்கு ஆகாது. "மூடிய மூடிட்டுப் பேசுங்க" என்பார். கல்யாண வீட்டில் பேசினாலும், துக்க வீட்டில் பேசினாலும், பேச்சினூடே ஒருதடவையாவது அந்த வாக்கியம் வந்துவிடும். கதவை முழங்கையால் தள்ளுவார். கையை முழங்கை வரை கழுவுவார். கோயில் வாசலில் அதைப் பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள்.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் எல்லாவற்றிலும் வெள்ளை ஒட்டுத்தாள் இருக்கும். அதில் அழியாத மையில் பெயரின் முதலெழுத்து, தேதி. மாவுச் சட்டியிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் வரை விலக்கில்லை. பெயர் இல்லாத பொருளைத் தூக்கிக் கொட்டிவிடுவார். தாய்வீட்டிலிருந்து வந்த அதிரசம் அப்படித்தான் போனது என்று மனைவி லட்சுமிப்ரியாவுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "எனக்கும் ஒரு சீட்டு ஒட்டிருங்க. என்னைக்குக் கட்டிட்டு வந்தோம்ங்கதாவது ஞாபகம் இருக்கும்."

இந்தக் கோளாறெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்த இடம் ஒன்று உண்டு. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தின் தொற்றுநோய் ஆய்வுக்கூடம். அவர் அங்கே படிக்கக் கிளம்பியபோது, அப்பா சங்கரநயினார் பேருந்து ஏற்றிவிட வந்த இடத்தில் சத்தமாகவே கேட்டார்: "நோவு தீரணும்னு ஊர் உலகமெல்லாம் நம்ம கோயிலுக்கு வந்து புத்துமண்ண எடுத்துட்டுப் போகுது. நீ நோவத் தேடிட்டு வடக்க போறியாலே?"

தேடிய நோவு ஊரிலேயே இருந்தது. ஒரு மழைக்காலத்தில் குருவிகுளம் பக்கத்தில் பெயர் தெரியாத காய்ச்சல் பரவியது. உண்ணி கடித்து வருவதா, வேறெதுவா என்று கண்டுபிடிக்க, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தார். ஊர்க்காரப் பையன் என்பதால் யாரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "என்ன காய்ச்சல்னு நானே வந்து சொல்லுதேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். குழாய்களை ஒரு பெட்டியில் அடுக்கி, தன் பெயரை ஒட்டி, மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் வைத்தார். அந்த வாரமே அப்பாவுக்குப் பக்கவாதம். அப்பாவின் ஐஸ்கிரீம் ஏஜென்சியைப் பார்த்துக்கொள்ள மூன்று மாத விடுப்பில் வந்தார். அப்பா போய்ச் சேர்ந்தார்; ஏஜென்சி போகவில்லை. அந்த மூன்று மாதம்தான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எழுதி வைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஃப்ரீசரில் ஒருவருடைய பெட்டி இருக்கும்வரை அவர் உறுப்பினர். பெட்டி காலியானால் முன்னாள் உறுப்பினர். அவர்களுடைய இணையப் பக்கமும் அப்படியே இரண்டு வரிசையாகப் பிரிந்திருக்கும். கூடப் படித்தவர்களெல்லாம் பெட்டியைக் காலி செய்துவிட்டு 'முன்னாள்' வரிசைக்கு இறங்கிப் போய்விட்டார்கள். ஒருவர் ஜெர்மனியில், ஒருவர் கனடாவில், ஒருவர் மருந்துக் கம்பெனியில். ஹரிசங்கர் மட்டும் மேல் வரிசையில், இருபது வயசுப் பிள்ளைகளுக்கு நடுவில், இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். படத்தில் தலை நிறைய முடி.

சாயங்காலம் கம்பெனி வண்டியிலிருந்து சரக்கு இறங்கும்வரை போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். பார்த்துவிட்டு மூடுவார். வேறு சிலர் இந்த நேரத்தில் ராசிபலன் பார்க்கிறார்கள்.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா நெருங்கி, ஐஸ்கிரீமுக்கு அடிதடி நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் ஆய்வுக்கூடத்திலிருந்தே போன் வந்தது. அபிதா. ராஜபாளையத்துப் பெண், கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி.

"அண்ணா, உங்க பெட்டிய எனக்குத் தருவீங்களா? இப்ப புது முறை வந்திருக்கு. ஒரு சொட்டு போதும், எந்தக் கிருமின்னு சொல்லிரலாம். ஆராய்ச்சிப் பேப்பர்ல உங்க பேரும் வரும். சாரும் சரின்னுட்டாங்க. உங்க பெட்டிங்கதால நீங்க சொன்னாத்தான் தொடலாம்."

"பெட்டி?"

"என் பேருக்கு மாத்திக்கிடணும், அண்ணா."

"தபசு முடியட்டும்மா. பாத்துச் சொல்லுதேன்."

தபசு முடிந்தது. அவள் மறுபடி கூப்பிட்டாள். தானே வந்து செய்து முடிக்கிற யோசனை இருப்பதாகச் சொன்னார். சொல்லும்போது அவருக்கே அது உண்மை போலத்தான் இருந்தது. மூன்றாம் முறை கூப்பிட்டபோது ஆட்டோவின் முன்கண்ணாடியில் மாட்டியிருந்த போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டே குருவிகுளம் வரை ஓட்டிப் போனார்.

குருவிகுளத்தில் கடைசிக் கடை முத்துத்தாயுடையது. சோப்பு, சீயக்காய், ஒரு சின்ன ஃப்ரீசர். அந்த மழைக்காலத்தில் காய்ச்சலோடு கை நீட்டியவர்களில் அவரும் ஒருவர். பிழைத்துக்கொண்டார். ஏஜென்சி வண்டியில் ஹரிசங்கர் முதன்முதலாக வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரே கேலி: "வாரும்யா, ரத்தக் கடன்காரரே! எம் மருமவ கோவிச்சுட்டுப் போனப்பம் போட்ட நகையக்கூடத் திருப்பிக் குடுத்தோம். நீரு எம் ரத்தத்த வச்சுக்கிட்டே இருக்கீரே!"

ஹரிசங்கர் சிரித்துவிட்டுக் கப்புகளை அடுக்குவார். பதில் சொல்ல வேண்டியிராத கேள்விகளில் அதையும் சேர்த்து வைத்திருந்தார்.

அன்றைக்கு முத்துத்தாய் கேலி செய்யவில்லை. ஃப்ரீசர் மூடியைத் திறந்து, மேலெழும்பும் குளிர்ப்புகையில் கையை நீட்டியபடி நின்றார். மூடிவிட்டுப் பேசுங்கள் என்று சொல்ல ஹரிசங்கர் வாயெடுத்தார்.

"ஏ தம்பி, எங்க வீட்டுக்காரர் ரத்தமும் எடுத்தீருல்லா?"

"ஆமாக்கா."

கணவருக்கும் அதே காய்ச்சல். ரத்தம் கொடுத்து ஒரு வாரத்தில் இறந்துபோனார்.

"அதும் அங்கனதான் இருக்கா?"

"இருக்குக்கா. பத்திரமா இருக்கு."

"இதவிடக் குளிரா இருக்குமோ?"

"இது ஒண்ணுமே இல்ல, அக்கா. அது ரொம்பக் குளிர்."

முத்துத்தாய் கையை வெளியே எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டார். "வீட்ல உள்ள துணியெல்லாம் போத்துனோம். சாக்கக்கூடப் போத்துனோம். குளிருது குளிருதுன்னே போனாரு." ஃப்ரீசரை மூடினார். "இன்னும் குளிர்லதான் கிடக்காரா? என்ன நோவுன்னுகூடத் தெரியாம? ஏம்யா, நீரு சொல்லுதேன்னுதான சொன்னீரு?"

ரசீது எழுதாமலே வண்டியை எடுத்துவிட்டார் ஹரிசங்கர். திருவேங்கடத்துக்குச் சாலை பிரியும் விலக்கில் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். பெட்டியை மறந்துவிட்டதாக அவர் இத்தனை வருஷமும் யாரிடமும் சொன்னதில்லை. மறக்கவில்லையே! நாள் தவறாமல் நினைத்திருக்கிறார். ஒட்டியிருந்த தன் பெயரைத்தான் நினைத்திருக்கிறார், உள்ளே இருந்தவர்களை அல்ல. இது தெரிய ஒரு ஐஸ்கிரீம் ஃப்ரீசரின் மூடி திறக்க வேண்டியிருந்தது.

அங்கிருந்தே அபிதாவைக் கூப்பிட்டு, பெட்டியை எடுத்துக் காட்டச் சொன்னார். அவள் வீடியோவில் வந்தாள். பின்னால் அந்த ஃப்ரீசர். திறந்த கதவிலிருந்து புகை தரையில் வழிந்தது. பருத்த நீலக் கையுறைக்குள் பெட்டி.

"எடுத்துக்கம்மா. ஆனா ஒரு காரியம். என்ன காய்ச்சல்னு தெரிஞ்சதும் பேப்பருக்கு முன்னால எனக்குச் சொல்லணும். குருவிகுளத்துல ஒரு வாசல்ல நான் போய்ச் சொல்லணும்."

"கண்டிப்பா அண்ணா. அப்ப பேரு?"

"கிழிக்காத. ஒரே கோடு போட்டு அடிச்சிட்டு, பக்கத்துல உன் பேர எழுதிக்க. அதான் முறை."

பெட்டியின் மேல் உறைபனி மூடியிருந்தது, ஒட்டுத்தாளே தெரியவில்லை. அபிதா கட்டைவிரலால் தேய்த்தாள். முதலெழுத்து தெரிந்தது. அடுத்ததைத் தேய்ப்பதற்குள் தேய்த்த இடத்தில் மறுபடி வெள்ளை படிந்தது.

"அண்ணா, சீக்கிரம் உள்ள வைக்கணும். கதவ மூடிரட்டுமா?"

வேப்பமரத்தடி வெக்கையில் ஹரிசங்கர், முழுக்கைச் சட்டையின் நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உறைபனி அதில்தான் படிந்திருப்பதுபோல் போன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.