மகேஸ்வரி வீட்டு ஜன்னலில் எட்டுக் கண்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, நானும் வேலுச்சாமி அண்ணாச்சியும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் கீழே முட்டி போட்டு ஊர்ந்துகொண்டிருந்தோம். தேடிய ஆள், அரை அரிசி அளவு இருப்பான்.

தேடாவிட்டால் என்ன? ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்திருக்கும் – என்னால்.

சமீபத்தில் செல்போனில் க்ளிப் போல மாட்டுகிற ஒரு மேக்ரோ லென்ஸ் வாங்கினேன். சின்னதையெல்லாம் பெரிதாகக் காட்டும். ரவைத் துகள் பாறையாகத் தெரியும். மூச்சு விட்டால்கூட ஃபோகஸ் போய்விடும். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக வகுப்பையே அதட்டியவள், இப்போது கறிவேப்பிலைச் செடி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியில் ஒரு குட்டிச் சிலந்தி. வலை கட்டாமல் குதித்துக் குதித்து இரை பிடிக்கிற வகை. லென்ஸைக் கிட்டே கொண்டுபோனேன். ஓடவில்லை... திரும்பி என்னைப் பார்த்தது. ஹெட்லைட் மாதிரி முன்னால் நாலு கண், மற்ற நாலு தலையைச் சுற்றி. முகமெல்லாம் நரைத்த ரோமம். நாற்பது படம் எடுத்ததில் ஒன்று தேறியது.

சந்தோஷம் தாங்குமா? தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ‘தண்ணி வந்துட்டு’, ‘தண்ணி நின்னுட்டு’ தவிர வேறெதுவும் வராத குரூப் அது. கூடவே ஒரு வரி – ‘மகேஸ்வரி வீட்டு ஜன்னலில் ஓர் அழகு விருந்தாளி.’

இருபது நிமிஷத்தில் மகேஸ்வரி என் வாசலில் நின்றாள். தாலுகா ஆபீஸில் வேலை. கணவர் திருப்பூரில். இடுப்பில் பத்து மாதக் குழந்தை – தவழ்ந்து தவழ்ந்து, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிற பருவம்.

“அக்கா, இது எங்கன இருக்கு?”

“சின்னதும்மா. பயப்படாத.”

“சின்னதா? ரோமம் ஒண்ணொண்ணா எண்ணலாம் போல இருக்கேக்கா.”

லென்ஸின் வேலையைப் புரியவைக்கலாம் என்று மற்ற படங்களைக் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

“இங்க பாரு, சாதாரணக் கட்டெறும்பு. இதுலயே எப்படித் தெரியுது பாத்தியா?”

தாடை இரண்டும் பாக்குவெட்டி மாதிரி விரிந்திருந்தன. “இது எங்க எடுத்தது?” என்றாள்.

“உங்க வாசப்படியிலதான்.”

அடுத்த படம் அரிசி வண்டு. யானைத் தும்பிக்கையும் இரும்புச் சட்டையுமாக நின்றது. “இது?”

பொய் சொல்லியிருக்கலாம். கணக்கு டீச்சர் புத்தி விடுமா? “போன வாரம் நீ குடுத்தியே, இட்லி அரிசி... அதுல.”

அவள் குழந்தையை இடுப்பிலிருந்து தோளுக்கு ஏற்றிக்கொண்டாள். விறுவிறுவென்று போய்விட்டாள்.

மறுநாள் காலை வேலுச்சாமி அண்ணாச்சி வந்தார். அந்த வீட்டின் ஓனர். பனவடலிசத்திரத்தில் உளுந்து பயிர் போட்டிருப்பவர். அவர் பார்க்காத பூச்சியா?

“காலி பண்ணுதேன்னு நிக்கா டீச்சர். பிள்ளையத் தரையில விட மாட்டேங்கா. குரூப்புல வேற போட்டுட்டியளே... இனி யாரு குடிவருவா?”

“நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா அண்ணாச்சி? உங்களுக்குத் தெரியாத பூச்சியா?”

தன் போனில் அந்தப் படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார். “காட்டுல எவ்வளவோ பூச்சி பாத்துருக்கேன். எதுவும் என்னைத் திரும்பிப் பாத்ததில்ல.”

ஒரே வழிதான் இருந்தது. ஆளை நேரில் காட்டுவது.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை ஊர்ந்தோம். மகேஸ்வரி குழந்தையோடு வாசல் நாற்காலியில் இருந்தாள். கண் சிவந்திருந்தது.  அவளைத் தூங்கவிடாமல் செய்தவனுக்குத்தான் நான் போட்ட தலைப்பு, ‘அழகு விருந்தாளி’.

முதலில் ஒரு சிலந்தி சிக்கியது. அண்ணாச்சி போனில் இருந்த படத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இவன் இல்ல டீச்சர். முகம் வேற.”

இரண்டாவதையும் நிராகரித்தார். மூன்றாவது, பூந்தொட்டி விளிம்பிலிருந்து ஒரே தாவு... அவர் சட்டைப் பையில் உட்கார்ந்தது. நான் லென்ஸை வைத்துக் குனிந்து பார்த்தேன். அதே நரைத்த முகம்.

“அண்ணாச்சி, அசையாதீங்க. ஆள் இவன்தான்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மகேஸ்வரி தயங்கித் தயங்கி வந்து அந்தப் பையருகே குனிந்தாள்.

“எங்கக்கா?”

“பட்டனுக்குப் பக்கத்துல.”

“...இதுவா?”

“இதுதான்.”

“இம்புட்டுக் காணும் இதுக்கா நான் ரெண்டு நாளா பிள்ளைய இறக்கி விடாமச் சொமந்தேன்?”

சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. குழந்தையை மெல்லத் தரையில் இறக்கினாள். அது இரண்டு நாள் பாக்கியையும் சேர்த்துத் தவழ்ந்து உள்ளே போனது. பையிலிருந்தவனும் செடிக்குத் தாவிவிட்டான்.

மன்னிப்புக் கேட்டேன். “இனிமே எதை எடுத்தாலும் பக்கத்துல ஒரு தீக்குச்சி வச்சுத்தான் எடுப்பேன். நிஜ அளவு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்ல” என்றேன். நாம் படுகிற பாதிக் கவலைக்குப் பக்கத்தில் இப்படி ஒரு தீக்குச்சி வைத்தால் போதும், இல்லையா?

அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“டீச்சர்... பின்பக்கம் ஒரு ரூம் வாடகைக்குக் கெடக்கு. பத்துக்குப் பத்துதான். வாரவன் எல்லாம் சின்னதா இருக்குன்னு ஓடுதான். அதை இந்த லென்ஸ்ல ஒரு படம் எடுத்துத் தாங்களேன். தீக்குச்சி வேண்டாம்.”