ஒரு படி கீழே

செயற்கைப் பல் வரிசை செய்வது அவளுடைய வேலை. ஒரு பல் துருத்திக்கொண்டிருந்தால் கை சும்மா இருக்காது. ராவிச் சமன் செய்துவிட்டுத்தான் மறு வேலை. சாயங்காலமானால் அதே கை கிளாரினெட்டை எடுக்கும்.

நூலகத்தில் யாரும் தொடாத காகிதக் கட்டு ஒன்றில்தான் அந்த இசையமைப்பாளரைக் கண்டுபிடித்தாள். பியானோக்களுக்குச் சுருதி சேர்த்துப் பிழைத்தவர். ஜாஸில் யாரும் போகாத பக்கம் போய், நாற்பது உருப்படிகள் எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தவர். அவர் காலத்தில் ஒன்றே ஒன்றுதான் மேடையேறியது. பாதியிலேயே சபை சிரித்துவிட்டதாம். மூன்று வருடம் அந்தக் கட்டோடு குடித்தனம் நடத்தியவள், அதே உருப்படியை நூலக அரங்கில் வாசிக்க நாள் குறித்தாள். இந்த முறை யாரும் சிரித்துவிடக் கூடாது.

அங்கேதான் ஒரு சிக்கல். கிளாரினெட்டுக்கு ஒரு படி ஏற்றி எழுத வேண்டும். இல்லாவிட்டால் பியானோவைவிட ஒரு படி கீழே ஒலிக்கும். அவர் ஏற்றாமலே எழுதியிருந்தார். பாவம், மறந்திருப்பார் என்று முழுவதையும் ஏற்றி எழுதிவிட்டாள்.

நிகழ்ச்சியன்று காலை ஒத்திகைக்கு அவருடைய மனைவி வந்திருந்தார். பியானோவில் அவளுடைய நாத்தனார். வாசித்து முடித்தார்கள்.

"நல்லா இருக்கும்மா" என்றார் அந்த அம்மாள். முகம் அப்படிச் சொல்லவில்லை. "யாரோ அவருக்கு எண்ணெய் வச்சுப் படிய வாரிவிட்ட மாதிரி இருக்கு."

"அதுல ஒரு சின்னத் தப்பு இருந்ததும்மா. கிளாரினெட் ஒரு படி கீழே கேட்கும். சரி பண்ணிட்டேன்."

"தப்பா? ஊர்ல இருக்கிற பியானோவுக்கெல்லாம் சுருதி சேர்த்த மனுஷன், சொந்தப் பாட்டுல கோட்டை விடுவாரா? வேணும்னேதான் எழுதினார்."

நாத்தனார் விடுவாளா? "மூணு வருஷமா அவர் மேதை, மேதைன்னு எங்க உயிரை வாங்கினீங்களே அண்ணி! மேதைக்கே பரீட்சைத் தாள் திருத்திட்டீங்களா?"

அவளுக்குக் காது சிவந்தது. மூலத் தாளை எடுத்து வைத்து, இருந்தபடியே ஊதினாள். நாத்தனாரும் சேர்ந்துகொள்ள, பியானோவும் கிளாரினெட்டும் உரசி, நடுவே ஓர் அதிர்வு படபடத்தது. சுருதி சேர்க்கிறவர் நாளெல்லாம் காது கொடுத்துக் கேட்பது அதைத்தான். அதை அடக்கத்தான் அவருக்குக் கூலி. வீடு வீடாகப் போய் அடக்கியதையெல்லாம் இந்த எட்டு நிமிட உருப்படியில் அவிழ்த்துவிட்டிருக்கிறார். என்ன துணிச்சல்! அதைப் போய்த் தப்பு என்றோமே.

"சிரிப்பாங்களேம்மா?" என்றாள்.

"அன்னைக்கும் சிரிச்சாங்க. அவர் ஒரு எழுத்தைக்கூட மாத்தலையே."

மாலையில் இருந்தபடியே வாசித்தாள். இரண்டாம் நிமிடத்தில் பின்வரிசையில் 'க்ளுக்' என்று ஒரு சிரிப்பு. அடுத்த மூச்சை இழுத்து இன்னும் அழுத்தி ஊதினாள். இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். கடைசி உரசல் அரங்கம் முழுக்க நின்று நடுங்கியது.

கைதட்டலுக்கு நடுவே நாத்தனார் காதைக் கடித்தாள்: "அண்ணி, கடைசி சுரத்துக்கு நாலு எண்ணிக்கைதான் போட்டிருக்கார். நீங்க ஏழு ஊதினீங்க."

"தெரியும். விட மனசு வரல."