இவருக்கும் சேர்த்துச் சொல்லுங்க

போன வருஷம், ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமல்லபுரம் கடற்கரையில் என்னோடு நடந்துகொண்டிருந்தவன் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது. பேச்சு வரவில்லை.

அவனும் நானும் படூரில் ஒரே வீட்டில் இருக்கிறோம். அக்கம்பக்கத்துக்கும் ஆபீசுக்கும் நாங்கள் ரூம்மேட்டுகள். உண்மையில் ஒருவரையொருவர் நேசிக்கிற தன்பாலீர்ப்பாளர்கள். பழக ஆரம்பித்தபோது எங்களுக்கென்று கிடைத்த இடம் பெட்டிக்கடை வாசல்தான். இரண்டு ஆண்கள் சிகரெட்டோடு எவ்வளவு நேரம் சேர்ந்து நின்றாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனாலேயே, சிகரெட்டை விடச் சொன்னவர்களிடமெல்லாம் தலையாட்டிவிட்டு விடாமலே இருந்தேன்.

அன்று அவனைச் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நுரையீரலிலிருந்து காற்று கசிந்து நெஞ்சுக்குள் தேங்கிவிட்டதாம். விலாவில் குழாய் செருகினார்கள். கருங்குழியிலிருந்து அவனுடைய அக்கா ஓடிவந்தார். அவரோடு நான் அதிகம் பேசியதில்லை.

மறுநாள் டாக்டர், இனி இவர் சிகரெட்டைத் தொடவே கூடாது என்றார். என் பக்கம் திரும்பி, நீங்கள் யார் என்று கேட்டார்.

"ரூம்மேட்" என்றேன்.

அக்கா குறுக்கிட்டார். "இவருக்கும் சேத்து சொல்லுங்க டாக்டர். இவரு வுட்டாதான் என் தம்பி வுடுவான்."

டாக்டர் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு என்னையும் உட்காரச் சொல்லி, எப்படி விடுவது என்று நிதானமாக விளக்கினார்.

வராந்தாவுக்கு வந்தோம். அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறியா? உன்னப் பாத்தப்புறந்தான் அவன் மூஞ்சில சிரிப்பே வந்துச்சு. அம்மாவுக்கு நான் பக்குவமா சொல்லிக்கறேன். நீ மொதல்ல உன் உடம்பப் பாத்துக்க."

அழுகையை அடக்கிக்கொண்டு தலையை மட்டும் அசைத்தேன்.

விடுவது சுலபமாக இல்லை. ஆரம்பத்தில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் இருவரும் எரிந்து விழுந்தோம். ஒருநாள் ஆபீஸ் எரிச்சலில் ஒன்றைப் பற்றவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னேன். அவன் திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வா, கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்றான். அதற்குப் பிறகு நான் தொடவில்லை. அவனுடைய அம்மாவிடம் அக்கா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

புகை உடம்புக்கு ஆகாது என்பது எனக்கு எப்போதோ தெரியும். என் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்க அந்தக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.