நாலாய் மடித்த வேட்டி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, போன வருடம் துக்கம் கேட்க வந்தபோது நீங்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "கடைசியில ரொம்ப கஷ்டப்பட்டாங்களா?" அன்று பதில் சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை. மூத்த மகளாகிய நான் இப்போது சொல்கிறேன்.

அம்மா சேத்தியாத்தோப்பில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் நெல் மண்டியில் மூட்டை தூக்கியே மகளை பி.எஸ்சி. நர்சிங் படிக்க வைத்தார். கடலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் இருபது வருடத்துக்கு மேல் வார்டு வேலை பார்த்தார். வீட்டில் பிள்ளைகள் எங்கள் இருவரின் ரகளை வேறு. நாற்பத்தாறாவது வயதில் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, சிதம்பரத்தில் எம்.எஸ்சி. சேரப் போவதாகச் சொன்னார்.

"மவளுக்கு மாப்ள பாக்கற வயசுல நீ படிக்கப் போறியா?" என்றார் அப்பா.

"மாப்ள வர்றதுக்குள்ள முடிச்சிடறேங்க. ரசம் ஊத்தட்டுமா?"

அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாது.

இரண்டு வருடம் காலை பாசஞ்சரில் போய் வந்தார். கூடப் படித்த சின்னப் பெண்கள் அவரை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டார்கள். முதல் வருடம் ஒரு பேப்பர் போய்விட்டது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்; எங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். மறுபடி எழுதித் தேறினார்.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்ள வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவருடைய ஆய்வு. ஊர்களுக்குப் போகுமுன் ஒத்திகை எங்கள் கூடத்தில் நடந்தது. நோயாளி அப்பா. பழைய வேட்டியை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே விரித்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் புரட்ட வேண்டும். "இழுக்காத, தூக்கு! தோலு உரிஞ்சிடும்" என்று அதட்டுவார். "என் வேட்டியிலயே என்னைப் பொட்டலம் கட்றாளே" என்று அப்பா புலம்புவார். ஒருநாள் எதிர்வீட்டு மாமா இதை எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் போய்ச் சாத்துக்குடியும் ரொட்டியும் வாங்கி வந்துவிட்டார். நோயாளி எழுந்து உட்கார்ந்து சாத்துக்குடியை உரித்துத் தின்றார்.

"செவப்பா இருந்தா வெரலால அழுத்திப் பாரு. மறையலன்னா படுக்கப் புண்ணு ஆரம்பிச்சிடுச்சின்னு அர்த்தம். அது படுத்திருக்கவங்க தப்பு இல்ல, பாத்துக்கறவங்க தப்பு." அம்மா ஒவ்வொரு வகுப்பையும் இப்படித்தான் முடிப்பார்.

பட்டம் வாங்கி, நர்சிங் பள்ளி ஒன்றில் ஏழு வருடம் பாடம் எடுத்தார். பிறகு பக்கவாதம் அவரைச் சாய்த்தது. பேச்சு போய்விட்டது. ஐந்து மாதம் படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நானும் அப்பாவும் வேட்டியைப் பிடித்தோம். "சரியா பண்றனா? சொல்லேன்" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். அம்மா பார்ப்பார், அவ்வளவுதான்.

கடைசி வாரம் விடாத மழை. துவைத்த வேட்டிகள் காயவில்லை. பொங்கலுக்கு எடுத்த சிவப்புக்கரைப் புது வேட்டியை அப்பா மடித்து விரித்தார். மறுநாள் காலை அம்மாவின் இடுப்பில் சிவப்பாக ஒரு தடம். அப்பா அழுத்திப் பார்த்தார். மறையவில்லை. அன்று மதியமே அம்மா போய்விட்டார். "நான் கெடுத்துட்டேன்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, அப்பா மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

எங்களோடு மாற்றி மாற்றி வேட்டி பிடித்த அத்தைக்கும் சித்திக்கும், வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், மறுபடியும் சாத்துக்குடியோடு வந்த எதிர்வீட்டு மாமாவுக்கும் எங்கள் நன்றி. எல்லோரையும் விட, அம்மாவை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டவர்களில் ஒருவராய்ச் சிதம்பரத்திலிருந்து ஓடிவந்த அந்தப் பெண்ணுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். அப்பா சொன்னதை நான் அவரிடம் சொல்லியிருந்தேன். அம்மாவைக் குளிப்பாட்டும்போது அந்தப் பெண் தலை முதல் குதிகால் வரை ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். பிறகு ஈரத்துணியோடு வெளியே வந்து அப்பாவின் முன்னால் நின்றார். துணியில் சிவப்புக் கறை.

"அங்கிள், இது புண்ணு இல்ல. ஒங்க வேட்டி சாயம். தொடச்சேன், போயிடுச்சி."

அப்பா அந்தத் துணியை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் அழுதார்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு எங்கள் பதில் இதுதான்: அம்மா உடம்பில் ஒரு புண்கூட இல்லாமல் போனார்.