லிமாவில் பால்சுறா தேடிப் போன வழி

மகளுக்குப் பிரசவம் பார்க்க வெளிநாடு போகும் அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். பாரீசுக்குப் போகிறவர்களுக்கு வழி சொல்லப் புதுச்சேரியில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. பெரு நாட்டுத் தலைநகரம் லிமாவுக்கு எப்படிப் போவது என்று நான் கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. போன ஜூலையில் போய் நாற்பத்திரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். எனக்கு அறுபத்தேழு வயது. வைத்திக்குப்பத்துக்காரி, முப்பத்தொரு வருஷம் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவள்.

என் மகள் கலைச்செல்வி வெள்ளைக்காரத் தெருப் பக்கம் ஒரு விடுதியில் வேலை பார்த்தாள். அங்கே தங்க வந்த பெரு நாட்டுக்காரன் ரெனாத்தோவைக் கட்டிக்கொண்டு ஒன்பது வருஷத்துக்கு முன் அவனோடு போய்விட்டாள். எனக்கு அந்தக் கோபம் ஆறவே இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன் அவள் அப்பா கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். "பாப்பாவுக்குப் போனு போடு" என்று இரண்டு தரம் கேட்டார். நான் போடவில்லை. மறுநாள் இறந்துவிட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் அவளுக்குச் சொன்னேன். பதினாறாம் நாள் காரியத்துக்கும் அவள் வரவில்லை என்று அதை ஒரு குற்றமாகப் பிடித்துக்கொண்டு, "இனிமே எனக்கு மவளே இல்ல" என்றேன். போனில் அதைச் சொன்னது செவ்வாய்க்கிழமை, சாயந்திரம் நாலே கால் மணி. அப்பா கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

பல வருஷம் கழித்து ரெனாத்தோதான் போனில் கூப்பிட்டான். இங்கே டீக்கடையில் கற்ற தமிழ் அவனுக்கு. "அத்தே, கலைக்குப் புள்ள பொறக்கப் போவுது. நீ வா. அது கூப்புடாது, ஆனா நீ வா." மறைத்ததைச் சொல்லிவிட்டு வர வேண்டும், அவள் என்னைத் துரத்தினாலும் சரி என்றுதான் கிளம்பினேன்.

விசாவுக்கு மருமகனின் அழைப்புக் கடிதம், பாங்குக் காகிதம், போகவர டிக்கெட் எல்லாம் டெல்லித் தூதரகத்துக்குப் போக வேண்டும். எனக்கு இருபத்தாறு நாள் ஆனது. மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சீட்டு இல்லாவிட்டால் திரும்பி வரும்போது நம் ஊரிலேயே தனியாக அடைத்து வைப்பார்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே போட வேண்டும். அறுபது தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

புதுச்சேரியிலிருந்து சென்னை விமான நிலையம் நூற்றைம்பது கிலோமீட்டர். கார் வாடகை 3,800 ரூபாய். சென்னையிலிருந்து துபாய் நாலு மணி நேரம், அங்கிருந்து பிரேசிலில் சாவோ பாவ்லோ பதினைந்து மணி நேரம், பிறகு லிமா ஐந்து மணி நேரம். நடுவில் காத்துக்கிடந்ததையும் சேர்த்தால் முப்பத்தாறு மணி. அத்தனை நேரத்தில் ஒரு தமிழ்க் குரல் காதில் விழவில்லை. பக்கத்து சீட்டு அம்மாவிடம் நானாக ஒரு மணி நேரம் தமிழில் பேசினேன். பாவம், தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

லிமாவில் ஜூலை குளிர்காலம். பதினைந்து டிகிரி. வானம் பழைய அலுமினியச் சட்டி மாதிரி இருக்கும். சூரியனைப் பல நாள் பார்க்க முடியாது. மழையும் பெய்யாது, புகை மாதிரி ஈரம் மட்டும் இறங்கும். குடை வேண்டாம், கம்பளிச் சட்டை இரண்டு வேண்டும். விமான நிலையத்திலிருந்து மகள் வீடு இருக்கும் பர்ராங்கோவுக்கு டாக்சி எழுபத்தைந்து சோல். ஒரு சோல் நம் பணத்தில் இருபத்து மூன்று, இருபத்து நாலு ரூபாய் வரும்.

நான் போன ஐந்தாம் நாள் பேத்தி பிறந்தாள். கலை என்னிடம் மரியாதையாக இருந்தாள், அதுதான் தாங்கவில்லை. "சாப்ட்டீங்களா?" "தூங்குனீங்களா?" விருந்தாளியிடம் கேட்பது போலக் கேட்பாள். நான் வைத்த பூண்டு ரசத்தைத் தொடவில்லை. பகலெல்லாம் ஜன்னலில் உட்கார்ந்து, எதிர் மாடியில் துணி காயாமல் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறந்த ஒன்பதாம் நாள் பால் போதாமல் குழந்தை அழுதது. எங்கள் குப்பத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவைப் புட்டு செய்து கொடுப்போம். பால் ஊறும். ரெனாத்தோ வேலைக்குப் போயிருந்தான்.

"இங்க மீனு எங்க எறங்கும்?" என்று கேட்டேன்.

"சொர்ரியோஸ்ல. கடலோரமாவே தெக்கால ரெண்டு, ரெண்டரை கிலோமீட்டரு. நீங்க தனியா போவாதீங்க."

"முப்பது வருஷம் தனியாத்தான் போனேன்."

காலை ஏழரைக்குக் கிளம்பினேன். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்யக்கூடிய தப்பைச் செய்தேன். கடலைப் பார்த்து நின்றால் வலது கை தெற்கு. பிறந்ததிலிருந்து அப்படித்தான். கடலைப் பார்த்து நின்று வலது பக்கம் திரும்பி நடந்தேன். லிமாவில் கடல் மேற்கே இருக்கிறது! சூரியன் தெரிந்திருந்தால் பிடித்திருப்பேன். ஒன்றரை மணி நேரம் நடந்தும் மீன் நாற்றமே இல்லை. கண்ணாடிக் கட்டடங்களும், பெரிய துணியைக் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து பறக்கிற ஆட்களும்தான். அந்த இடம் மிராஃப்ளோரஸ். நேர் எதிர்த்திசை.

போனை எடுத்தேன், சார்ஜ் இல்லை. வீட்டு விலாசத்தை எழுதி எடுத்துப்போகவில்லை. அவ்வளவு பெரிய ஊரில் என் பெயர் தெரிந்தவர் ஒருத்தருமில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கதவைப் பார்த்துக்கொண்டே கிடந்தது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

வண்டியில் வைத்துச் சூடான மூலிகைத் தண்ணீர் விற்கிற ஒரு பெண் தானாக வந்து ஒரு தம்ளர் கொடுத்தாள். கையால் மீன் நீந்துகிற மாதிரி காட்டி, "சொர்ரியோஸ்" என்றேன். சிரித்துவிட்டு, நான் வந்த பக்கமே கை காட்டினாள். டாக்சியைக் கூப்பிட்டு, விலையும் அவளே பேசினாள். பதினான்கு சோல்.

சொர்ரியோஸ் துறையில் இறங்கியதும் மூச்சு வந்தது. அதே ஈரத் தரை, அதே கூச்சல். காக்கைக்குப் பதில் ஆள் உயரக் கூழைக்கடா. ஒரு மீன்காரி சின்னச் சுறாவை எடுத்துப் போட்டாள். செவுளை விரலால் விலக்கிப் பார்த்தேன்.

"ஏண்டி, நேத்து மீன எங்கிட்டயே தள்ளுறியா?"

தமிழ் அவளுக்கு எதற்கு? என் விரல் போன இடத்தைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்து அவள் பாஷையில் ஏதோ திட்டினாள். பிறகு ஐசுக்கு அடியிலிருந்து புதுசை எடுத்தாள். கிலோ இருபது சோல். தோலை உரிக்க வந்தவளை நிறுத்தி, "வுடு, சுடுதண்ணி ஊத்தி நான் வழிச்சிக்குவேன்" என்றேன். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மாதா கோயிலின் கோபுரப் படத்தை அவள் கடைக் காலண்டரில் கண்டு, அதை டாக்சிக்காரனுக்குக் காட்டி வீடு வந்து சேர்ந்தேன்.

கதவைத் திறந்த கலையின் முகம் வெளிறியிருந்தது. "மணி பன்னெண்டு! எங்க போயி தொலைஞ்சீங்க? போலீசுக்குச் சொல்ல இருந்தேன்!" அந்த வீட்டில் நான் கேட்ட முதல் திட்டு. சந்தோஷமாக இருந்தது.

சுறாவை வேகவைத்து உதிர்த்து, பூண்டு, இஞ்சி, மஞ்சள், மிளகு போட்டு வறுத்தேன். வாசனைக்கு அவளே அடுப்படிக்கு வந்தாள். நின்றபடியே தட்டில் பாதி சாப்பிட்டாள். அப்போது சொன்னேன்.

"கலை, ஒங்கப்பா கடைசியில ஒனக்குப் போனு போடச் சொன்னாரு. ரெண்டு தரம். நான்தான் போடல."

கை நின்றது. "எதுக்கு?"

"கோவம்."

குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது. முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "அவரு கொரலயாவது கேட்டிருப்பேன்" என்றாள். தட்டில் மீதி இருந்ததையும் தின்றாள். அடுத்த நாலு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அன்னிக்கு என்னா சட்ட போட்டிருந்தாரு?" என்று கேட்டாள். நீலக் கோடு போட்டது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. தினம் ஒன்று கேட்டாள், தினம் ஒன்று சொன்னேன்.

போகிறவர்களுக்கு இன்னும் சில. வீட்டு விலாசத்தைக் காகிதத்தில் எழுதி இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். தெருவில் போனைக் கையில் பிடித்து நடக்காதீர்கள், பறித்துவிடுவார்கள். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். திசையைக் கடலிடம் கேட்காதீர்கள், மனிதர்களிடம் கேளுங்கள்.

டிக்கெட் வாங்கும்போது திரும்பும் தேதியை மாற்றிக்கொள்ளும்படி வாங்குங்கள். பதினான்காயிரம் கூடுதல்தான். கலை என்னைப் பத்தாம் நாளே போகச் சொல்லுவாள், இதில் அது வேறு தண்டமா என்று நான் வாங்கவில்லை. கிளம்பும் அன்று பெட்டியை மூடுகையில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்று கேட்டாள்: "இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போனா இன்னாம்மா?"