சுந்தர் ஏன் போனான்

இன்று காலை ரங்கூன் சூலே பக்கம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். மழைக்காக ஜன்னலையெல்லாம் அடைத்திருந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவர் கைலியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காரம் மூக்கில் ஏறியதும் நான் இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். சிலருக்குப் பழைய பாட்டு கேட்டால் மனசு எங்கேயோ போய்விடும். எனக்குச் சுளுக்குத் தைலம். ரசனை அவ்வளவுதான், என்ன செய்ய.

எனக்கு அது ஃபுட்பால் வாசனை. மைதானத்தில் ஆட்டக்காரர்கள் வெளியே வரும் வாசலுக்கு நேர் மேலேதான் எங்கள் இடம். அவர்கள் வருவதற்கு முன்னால் அவர்களுடைய தைலம் வந்துவிடும். பின்னாலேயே நனைந்த புல், வெற்றிலைச் சாறு, வறுத்த கடலை. இந்த நாலையும் ஒரு குப்பியில் அடைத்து விற்றால் நான் ஒருவனாவது வாங்குவேன்.

அப்போது கியாக்டடா பேட்டையில், துறைமுகத்தில் சரக்கு இறக்கித் தரும் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் எனக்குக் குமாஸ்தா வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆபீஸில் கற்றுக்கொண்டதைவிட எதிரே இருந்த டீக்கடையில் கற்றுக்கொண்டது அதிகம். குட்டிக் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல், மேஜைமேல் சும்மா குடிக்க வெறுந்தேநீர் பிளாஸ்க், பையனைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பதுபோல ஒரு சத்தம். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு என்னைப் பற்றி ஊரில் என்னவோ போய்ச் சொல்லிவிட்டார். அது வேறு கதை.

அந்த மேஜைக்குத் தலைவர் காதர் காக்கா. கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்துத் தெருவில் குடைக்கடை வைத்திருந்தார். ரங்கூனில் குடை விற்பவருக்கு ஆறு மாதம் ராஜபோகம், ஆறு மாதம் ஃபுட்பால். இன்னொருவர் ரேவதியக்கா. பாங்கில் வேலை. கன்னத்தில் பர்மியப் பெண்கள்போல தனக்கா மரச்சாந்து பூசி, பர்மிய லுங்கியும் சட்டையுமாக வருவார். வாயைத் திறந்தால் மதுரைப் பக்கத்துத் தமிழ் அப்படியே கொட்டும். மேட்ச் பார்க்கப் பெண்கள் அதிகம் வராத காலத்தில் எங்கள் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார். மூன்றாவது நான். என் வேலை இருவர் சொல்வதற்கும் தலையாட்டுவது.

எங்கள் மூன்று பேரையும் கட்டிவைத்தவன் சுந்தர். எங்கள் கிளப்பின் முன்னணி ஆட்டக்காரன். அலோன் பக்கத்துப் பிள்ளை. அப்பா தமிழர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அப்போதே இல்லை. அம்மா பர்மியர். தமிழ் எல்லாம் புரியும் அவனுக்கு, பேச்சு மட்டும் பாதியிலேயே பர்மியத்துக்குத் தாவிவிடும். ஆனாலும் ஊரே கத்தும்போது நாங்கள் மூவரும் தமிழில் "சுந்தரு!" என்று கத்தினால் மட்டும் திரும்பிப் பார்த்து ஒரு விரலைத் தூக்குவான். அந்த ஒரு விரலுக்காக நான் ஆபீஸில் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன்.

ஒரு பருவம் முடிந்தபோது சுந்தரின் ஒப்பந்தமும் முடிந்தது. முடிந்துவிட்டால் ஆட்டக்காரன் தன்னிஷ்டம்தான். எந்தக் கிளப்போடும் கையெழுத்துப் போடலாம், பழைய கிளப் தடுக்க முடியாது. வடக்கே மலைப்பக்கத்துக் கிளப் ஒன்றில் புது முதலாளி பணத்தைக் கொட்டுவதாகப் பேச்சு. அவர்கள் சுந்தரைக் கேட்கிறார்களாம் என்று முதலில் ரேவதியக்காதான் சொன்னார்.

"போகமாட்டான்," என்றார் காதர் காக்கா. டீயைக்கூட ஆற்றவில்லை.

"ஏன் போகமாட்டான்? ரெட்டைச் சம்பளம் குடுத்தா நீங்க குடைக்கடையத் தூக்கிட்டு மாந்தலே போகமாட்டீங்களா?"

"நான் யாவாரி. அவன் ஆட்டக்காரன்."

"ஆட்டக்காரனுக்கு வயிறு இல்லையா காக்கா? காலு இருக்கிற வரைக்குந்தான் சம்பாத்தியம். காசுக்குத்தான் போவான். அதுல தப்பும் இல்ல."

"காசுக்குப் போறவன் நம்மளப் பாத்து வெரலத் தூக்கமாட்டான்."

இதே சண்டை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வேஷத்தில் வந்தது. அவனுக்குப் புதுப் பயிற்சியாளரைப் பிடிக்கவில்லை என்றான் ஒருவன். வடக்கே ஒரு பெண் இருக்கிறாள் என்றான் இன்னொருவன். தேசிய அணிக்கு எடுக்கவேண்டுமானால் அங்கே போனால்தான் ஆகும் என்று பக்கத்து மேஜைப் பர்மியர்கள். கையில் புதிதாக ஃபோன் வந்த காலம், ஃபேஸ்புக்கில் கெட்ட வார்த்தை மழை. சுந்தர் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாதது எல்லாரையும் இன்னும் கிறுக்காக்கியது.

ஒரு நாள் பேச்சு முற்றிப்போய் ரேவதியக்கா சிரித்துவிட்டார். "காக்கா, நீங்க சுந்தருக்குப் பொண்ணு குடுத்த மாதிரி பேசுறீங்க."

காதர் காக்கா சிரிக்கவில்லை. "எளுதி வெச்சுக்க. அவன் காசுக்குப் போனான்னா நான் இந்த மேசையில உக்காரமாட்டேன். அல்லா மேல ஆணை."

ஆணையென்று வந்த பிறகு எங்களுக்கு விளையாட்டுப் போய்விட்டது. அவர் ஆணையிடுகிற ஆளே இல்லை. மேஜை சப்பென்று ஆகிவிட்டது.

அந்த வாரமே ஒரு படம் ஃபோன் ஃபோனாகப் பரவியது. வடக்குக் கிளப்பின் ஆள் ஒருவரின் காரிலிருந்து சுந்தர் இறங்குகிறான். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் கிளப் பசங்கள் கூட்டமாக அவன் வீட்டுக்குப் போகிறார்கள் என்று தெரிந்ததும் காதர் காக்கா கடையை இழுத்து மூடினார். "நான் அவன் வாயால கேக்கணும்," என்றார். அவர் அடிப்பாரா, அவரை அடிப்பார்களா என்று தெரியாமல் நானும் ரேவதியக்காவும் கூடவே டாக்ஸியில் ஏறினோம்.

அலோனில் அந்தச் சந்துக்குள் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். எல்லாம் எங்கள் கிளப் சட்டை. ஒருத்தன் சுந்தரின் எண் போட்ட சட்டையைக் கம்பில் மாட்டிக் கொளுத்த, மழைத்தூறலில் அது எரியாமல் புகைந்து நாறியது. கீழ்த்தள இரும்புக் கதவை உதைத்துக்கொண்டே "திஸ்ஸாபவ்! திஸ்ஸாபவ்!" என்று கத்தினார்கள். பர்மியத்தில் துரோகி. போன மாதம்வரை அவன் பேரைக் கத்திய அதே தொண்டைகள்.

காதர் காக்காவை அவர்களுக்குத் தெரியும். "ஊ காதர், நீங்க கேளுங்க," என்று பெரியவர்களுக்குப் போடும் 'ஊ' போட்டு வழிவிட்டார்கள். கதவுக்கு முன்னால் ரேவதியக்கா நின்றுகொண்டார். பாங்கில் வரிசை தாண்டி வருகிறவர்களை அதட்டும் அதே பர்மியக் குரலில், "அவர் திரும்பி வர்ற வரைக்கும் ஒருத்தனும் இதைத் தாண்டக்கூடாது," என்றார். ஆச்சரியம், நின்றார்கள்.

கீழ்வீட்டுக்காரர் காதர் காக்காவையும் என்னையும் மட்டும் உள்ளே விட்டுத் தாழ் போட்டார். மூன்று மாடி ஏறினோம். சுந்தரின் அம்மா டோ டின் சங்கிலியைப் போட்டபடியே கதவைத் திறந்து பார்த்து, காதர் காக்காவின் நரைத்த தாடியைக் கண்ட பிறகுதான் உள்ளே விட்டார். வீடு முழுக்கத் தைல வாசனை. சுந்தர் தரையில் பாயில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. பெரியவர் வந்தும் எழுந்திருக்காதது காதர் காக்காவுக்குச் சுருக்கென்றது. முகத்தில் தெரிந்தது.

"போறியா?" என்றார்.

"போறேன், ஊ காதர்."

"காசா?"

கைலியை விலக்கி வலது முழங்காலைக் காட்டினான். இன்னொரு முழங்காலைப்போல ஒன்றரைப் பங்கு இருந்தது. கடைசி மேட்சில் ஒருமுறை விழுந்தான், எழுந்து ஓடினான், நாங்கள் கைதட்டினோம். அப்போது உள்ளே என்னவோ கிழிந்துவிட்டது. எங்கள் கிளப் டாக்டர் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு கிளப்பிலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை.

"நான் ஃபோனப் பக்கத்துல வெச்சுக்கிட்டே இருந்தேன்," என்றான், தமிழும் பர்மியமும் கலந்து. "அவங்க 'இரு'ன்னு சொல்லல. 'போ'ன்னும் சொல்லல. வடக்க குடுக்கிறது இங்கத்ததவிடக் கம்மி. ஆனா அவங்க முழங்காலப் பத்திக் கேக்கல."

காதர் காக்கா மெதுவாக அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தார். கீழே மறுபடி கதவு அதிர்ந்தது. டோ டின் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ ஜபித்தார்.

"நான் கீள போயி சொல்றேன். அவனா போகல, கிளப்புதான் விட்டுச்சுன்னு சொல்றேன். ஒரே நிமிசம். எல்லாவனும் கால்ல விளுவான்."

சுந்தர் அவர் கையைப் பிடித்துவிட்டான். "வேணாம். இப்ப சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஃபேஸ்புக்குல வரும். வடக்க இன்னும் கையெழுத்து ஆகல." அப்புறம் சொன்னதைத் திக்கித் திக்கி, முழுக்கத் தமிழிலேயே சொன்னான். "துரோகின்னா ஒரு கிளப்பாவது கூப்பிடும், காக்கா. நொண்டின்னா யாரு கூப்பிடுவா?"

அவன் அவரைக் காக்கா என்று கூப்பிட்டது அன்றுதான்.

காதர் காக்கா என் தோளைப் பிடித்து எழுந்தார். படியில் இறங்கும்போது, "நீ ஒண்ணும் கேக்கல," என்றார். "ரேவதிகிட்டகூட."

கீழே கதவைத் திறந்ததும் சத்தம் அடங்கியது. எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவரும் அவர்களைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். சொல்லிவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

"பைக்ஸன்," என்றார்.

பணம். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அவனுக்காக ஊர் முழுக்கச் சண்டை போட்ட மனிதரே சொல்லிவிட்டார். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. "காசுக்குப் போறவன் வாசல்ல நின்னு நனையிறது நமக்குத்தான் அசிங்கம். வாங்க போவோம்," என்று அவர் முன்னால் நடந்தார். ஒருவன் காறித் துப்பினான். ஒருவன் கடைசியாகக் கதவை உதைத்தான். பிறகு அவர் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். மேலே மூன்றாவது மாடி ஜன்னல் திறக்கவேயில்லை.

மறுநாள் டீக்கடையில் காதர் காக்கா எங்கள் மேஜைக்கு வரவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில், தனி ஸ்டூலில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "நாந்தான் சொன்னேன்ல, காசுதான்னு," என்று ரேவதியக்கா முதல் இரண்டு நாள் வெற்றிக்கொடி பிடித்தார். மூன்றாம் நாள் அவருக்கே தாங்கவில்லை. எழுந்துபோய், "ஆணையெல்லாம் பிள்ளைங்க விளையாட்டு காக்கா, வாங்க," என்றார். அவர் தலையாட்டி மறுத்துவிட்டார். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: "ஆணைக்காக இல்ல தம்பி. அவ சுந்தரத் திட்டும்போது பக்கத்துல இருந்தா எனக்கு வாய் நிக்காது."

அடுத்த பருவம் வடக்குக் கிளப் இங்கே விளையாட வந்தது. சுந்தர் பந்தைத் தொட்டபோதெல்லாம் மைதானமே ஊளையிட்டது. அவனுடைய ஓட்டம் குறைந்திருந்தது, எனக்கு மட்டும் தெரிந்ததோ என்னவோ. ஆனால் மூலையிலிருந்து வந்த ஒரு பந்தைத் தலையால் அடித்துக் கோலுக்குள் போட்டான். கொண்டாடவில்லை, தலையைக் குனிந்தபடி நடுக்கோட்டுக்கு நடந்தான். திமிர் என்றார்கள். எல்லாரையும்விட உரக்க "திஸ்ஸாபவ்" என்று கத்தியது காதர் காக்கா. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். இடைவேளையில் ஏன் என்று கேட்டேன். "கத்தலேன்னா பக்கத்துல நிக்கிறவன் பாப்பான்," என்றார். அவர் கை குடைக்கம்பியை விடவில்லை.

சுந்தர் அங்கே இரண்டு பருவம் ஆடினான். பிறகு முழங்கால் விட்டுவிட்டது. மலேசியாவில் ஏதோ தொழிற்சாலையில் இருக்கிறான் என்று கேள்வி. நோய் வந்த வருடம் காதர் காக்கா போய்ச் சேர்ந்தார். ஆக்ஸிஜன் உருளைக்கு ஆட்கள் தெருவில் வரிசை நின்ற நாட்கள் அவை. அடக்கத்துக்கு யாரும் போக முடியவில்லை. குடைக்கடையில் இப்போது சோலார் பேனலும் பேட்டரியும் விற்கிறார்கள். டீக்கடை ஃபோன் கடையாகிவிட்டது. பட்டாள ஆட்சி வந்த பிறகு மைதானத்தில் அந்தக் கூட்டமும் இல்லை, அந்த ஊளையும் இல்லை. நாங்கள் கூட்டமாக நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம் என்று இன்றைக்கு ஒரு சின்னப்பிள்ளையிடம் சொன்னால், எதற்குக் கத்தினீர்கள் என்று பயந்து கேட்கும்.

போன மாதம் ரேவதியக்காவைத் தெருவில் பார்த்தேன். கையில் காய்கறிப் பை, கன்னத்தில் தனக்கா இல்லை. நலம் விசாரித்தேன். அவருடைய ஒரே மகன் பதினெட்டைத் தாண்டியவன். கட்டாயப் பட்டாளத்துக்குப் பேர் எடுக்கிறார்கள் என்று தெருவெல்லாம் பேசிக்கொள்கிற வயது.

"மகன் போயிட்டான்," என்றார்.

சுந்தர் ஏன் போனான் என்று இரண்டு மாதம் சண்டை போட்டவர்கள் நாங்கள். அவன் வீட்டு வாசல்வரை போய் நின்றவர்கள். இப்போது எங்கள் தெருவில் வாரத்துக்கு ஒரு வீட்டிலிருந்து ஒருத்தர் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடுகிறார். எங்கே என்று கேட்பதில்லை, தெரிந்துவைத்திருப்பதே ஆபத்து. ஏன் என்று யாருமே கேட்பதில்லை.

"சாப்பிட்டீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டேன்.