அமிர்தசரஸில் நான் விட்ட கை

என் பேரன் ஏழு வயதில் காணாமல் போனான். அரை மணி நேரமோ, அதற்கு மேலோ. நான் கடிகாரம் பார்க்கவில்லை. கூட்டத்தின் மேலோ அந்த ஊரின் மேலோ பழி போட முடியாது. காரணம் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிட்டால் மற்றதை எழுதுவது எனக்கு எளிது. நம் வெள்ளிக்கிழமை அம்மன் வழிபாட்டில் சில தடவை எழுந்து சொல்லப் பார்த்தேன். சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதித் தருகிறேன்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். விருதுநகர்க் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு, சிவகாசியில் அப்பாவின் பட்டாசு கம்பெனிக்கு வந்தவன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. சமீப காலமாக எதற்குமே அலுப்பாக இருக்கிறது. இதை எழுதவும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கடன்பட்டவன் எழுதத்தான் வேண்டும்.

பேரன் முகிலன் பாலர் வகுப்பில் இருந்தபோது, பள்ளிக்கூடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து ஷெட் வெடித்தது. எங்கள் கம்பெனி இல்லை. வகுப்பின் ஜன்னல் கண்ணாடி அவ்வளவும் உள்ளே கொட்டியது. குழந்தைகளுக்குக் காயம் இல்லை. ஷெட்டில் இருந்த பெண்கள் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருத்தி, முகிலனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும் ஆட்டோக்காரர் மாரிமுத்துவின் மனைவி. அன்று காலை ஆட்டோவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, வழியில் இறங்கி வேலைக்குப் போனவள்.

அன்றிலிருந்து வெடிச் சத்தம் கேட்டால் அவன் ஓடிவிடுவான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விவரம் தெரிந்ததும் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. வெடித்தால் திரும்பிப் பார்க்காதே, ஓடு. அவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி மனை இருக்கிறது. அங்கே சாயங்காலங்களில் புதுச் சரக்கைக் கொளுத்தி உயரம், நிறம், சத்தம் பார்ப்போம். சாம்பிள் போடுவது என்று அதற்குப் பெயர். முதல் வெடி கேட்டதுமே முகிலன் அடுப்படிக்கு ஓடி, கிரைண்டரைப் போட்டுவிட்டு அதை ஒட்டி உட்கார்ந்துகொள்வான். அரிசி இல்லாமல் வெறும் கல் கடகடவென்று ஓடும். நான் போய் நிறுத்துவேன்.

"ஏலே, சும்மா ஓட்டுனா கல்லு தேஞ்சு போகும்லே. பட்டாசுக்காரன் வீட்டுல பெறந்துட்டு வெடிக்குப் பயப்படுறவன இப்பத்தான் பாக்குறேன்."

வீட்டுக்கு வந்த வியாபாரிகள் முன்னாலும் இதையே சொல்லியிருக்கிறேன். அவர்கள் சிரித்தார்கள். அவன் கிரைண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் பயத்தை எடுத்துவிடு என்று அம்மனிடம் வெள்ளிக்கிழமைதோறும் வேண்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நானே செய்து முடிக்கலாம் என்று நினைத்தேன். என் தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

பொற்கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது மருமகள் மகேஸ்வரிக்கு வெகு நாள் ஆசை. தீபாவளி முடிந்தால் எங்கள் ஊருக்கு ஓய்வு. சென்ற ஆண்டு சீசன் முடிந்ததும் நானே டிக்கெட் போட்டேன். மகனுக்குக் கம்பெனியில் சீசன் கணக்கு முடிக்கும் வேலை இருந்தது. மகேஸ்வரி, பேத்தி யாழினி, முகிலன், நான் என்று நான்கு பேர். தீபாவளிக்குப் பின் வரும் பௌர்ணமிதான் குருநானக் பிறந்த நாள். அன்று இருட்டியதும் கோயில் குளத்தைச் சுற்றி விளக்கேற்றி, வானத்தில் வாணவேடிக்கை விடுவார்கள். அந்த நாளைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. விளக்கும் தண்ணீரும் பக்தியும் சூழ்ந்த இடத்தில் வெடி வெடித்தால் பிள்ளைக்குப் பயம் தெளிந்துவிடும் என்பது என் கணக்கு.

ரயிலில் நாள் கணக்காக உட்கார்ந்து போய்ச் சேர்ந்தபோது மகேஸ்வரிக்குக் காய்ச்சல். பௌர்ணமியன்று அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை.

"பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க மாமா. நான் படுத்துக்கிடுறேன்" என்றாள். நாங்கள் கதவைத் தாண்டும்போது மறுபடியும் கூப்பிட்டாள். "மாமா, அங்கன ராத்திரிக்கு வேட்டு போடுவாகன்னு பக்கத்து ரூம்காரம்மா சொல்லுச்சு. இருட்டுறதுக்குள்ள வந்துருவீகள்ல?"

"வந்துருவோம்மா" என்றேன்.

வாசலில் செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்கினோம். அங்கே சேவைக்கு நின்று எங்களிடம் செருப்பை வாங்கியவர் நல்ல வசதியான மனிதராகத் தெரிந்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தலையை மூட ஆளுக்கொரு காவித் துணி கொடுத்தார்கள். நான் கட்டிக்கொண்டதைப் பார்த்து முகிலன் சிரித்தான்.

"தாத்தா, கல்யாண வீட்டுச் சமையக்காரர் மாதிரி இருக்கீக."

"இவன் மட்டும் என்னவாம்? பரிமாறுற ஆளு" என்றாள் யாழினி.

வாசற்படியில் ஓடும் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே இறங்கினோம். குளமும் நடுவில் பொன்னும் தெரிந்ததும் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பளிங்குத் தரை காலுக்குச் சில்லென்று இருந்தது. பிரசாதமாக நெய் வழியும் அல்வா கொடுத்தார்கள். முகிலன் இரண்டு கையையும் குவித்து வாங்கினான். எனக்கு நினைவிருக்கிற வரை, அவன் என்னிடம் அவ்வளவு சந்தோஷமாகப் பேசியது அன்று சாயங்காலம்தான். வெளிச்சம் மங்கியது. குளத்தைச் சுற்றி அகல் விளக்குகளை ஏற்ற ஆரம்பித்தார்கள்.

"தாத்தா, இருட்டுறதுக்குள்ள அம்மா வரச் சொன்னாகள்ல" என்றாள் யாழினி.

"இருத்தா, ஒரு அதிசயம் காட்டுறேன்."

முதல் வெடி குளத்துக்கு மேலே விரிந்தது. சிவப்பு. முகிலன் கை என் கைக்குள் இறுகியது. நான் குனிந்து அவனைப் பார்த்திருக்க வேண்டும். வானத்தைப் பார்த்தேன். அடுத்தது உயரமாக ஏறி இரண்டாகப் பிரிந்தது. அது எங்கள் பக்கத்துச் சரக்கு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தப் பிரிவு தெரியும். பெருமையாக இருந்தது. "ஏலே, அது நம்ம ஊரு வெடிலே" என்று சொல்லிக் கையை எடுத்து வானத்தைக் காட்டினேன்.

காட்டிய கையைத் திரும்பக் கீழே கொண்டுவந்தபோது பிடிக்க எதுவும் இல்லை.

காவித் துணி கட்டிய சிறுவர்கள் எங்கு பார்த்தாலும் நின்றார்கள். எல்லாரும் முகிலனாகத் தெரிந்தார்கள். இரண்டு மூன்று பிள்ளைகளின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். வெளியே போக நான்கு பக்கமும் வாசல். வியாபாரத்துக்காகக் கற்ற இந்தி எனக்கு நன்றாகவே வரும். அன்று ஒரு சொல் வரவில்லை. காவலுக்கு ஈட்டி பிடித்து நின்ற ஒரு பெரியவரிடம் போய்க் கையை இடுப்பளவுக்குத் தாழ்த்திக் காட்டி, தமிழிலேயே "பையன், பையன்" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒலிபெருக்கியில் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார்கள். முகிலனுக்கு அது எப்படிப் புரியும்? மேலே வெடி நிற்கவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் அவன் இன்னும் கொஞ்ச தூரம் ஓடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். செருப்பில்லாமல். திரும்பிப் பார்க்காமல்.

யாழினி என் சட்டையை இழுத்தாள். "தாத்தா."

"சும்மா இருத்தா."

மறுபடியும் இழுத்தாள். "தாத்தா, நான் சொல்றதக் கேளுங்க."

"வாய மூடு" என்று கத்திவிட்டேன். அவள் என் சட்டையை விட்டுவிட்டாள்.

தரையில் உட்கார்ந்தேன். அம்மனைக் கூப்பிட்டேன். என் உயிரை எடுத்துக்கொள், பால்குடம் எடுக்கிறேன், தீ மிதிக்கிறேன் என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. ஆர்டர் பேசுகிறவன் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தேன். இவனுடைய பயத்தை எடு என்று வாரந்தோறும் வேண்டியதும் இதே குரலில்தான். பிள்ளையின் பயத்துக்குக் காரணம் கேட்டு ஒரு நாளாவது அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேனா? வேண்டுதலை நிறுத்திவிட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நீ காட்டு என்று மட்டும் சொன்னேன். எங்கள் அம்மனிடம் சொன்னேனா, அந்த இடத்துக் குருவிடம் சொன்னேனா என்று எனக்கு இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியாது. அதன்பின் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன்.

நான் பேசாமல் இருந்தபோதுதான் யாழினியின் குரல் கேட்டது. அழுதுகொண்டே கேட்டாள்.

"இங்கன கிரைண்டர் எங்க தாத்தா இருக்கும்? அவன் அங்கதான போயிருப்பான்."

அவள் முதலிலிருந்தே சொல்லப் பார்த்தது அதுதான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. நாங்கள் வந்த நேரத்திலிருந்தே அது இருந்திருக்க வேண்டும். லங்கர் என்று சொல்லும் அன்னதானக் கூடத்தின் பக்கமிருந்து, ஆயிரக்கணக்கான எவர்சில்வர் தட்டுகளை ஓயாமல் கழுவி அடுக்கும் சத்தம். நெருங்க நெருங்க அது ஒரே இரைச்சலாக ஆனது. உள்ளே போனபோது வானத்து வெடி சுத்தமாகக் கேட்கவில்லை.

நீளமான தொட்டிகளின் இரண்டு பக்கமும் ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பருத்த அம்மாமார்களுக்கு நடுவில், எதன் மேலோ ஏறி நின்றுகொண்டு முகிலன் தட்டு தேய்த்துக்கொண்டிருந்தான். தோள் வரை சட்டை நனைந்திருந்தது. தலைத்துணி அவிழாமல் யாரோ இறுக்கிக் கட்டிவிட்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் முதலில் வந்தது பயம். திட்டுவேன் என்று நினைத்துவிட்டான். அதை என்னால் மறக்க முடியவில்லை.

"தாத்தா, நான் சும்மா நிக்கல. வேல பாக்குறேன்" என்றான். பிறகு மெதுவாக, "இங்க வேட்டு கேக்கல தாத்தா" என்றான்.

பக்கத்திலிருந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, ஒரு எச்சில் தட்டை என் கையில் கொடுத்தார். நானும் தேய்த்தேன். யாழினியும் தேய்த்தாள்.

"அப்படியில்ல தாத்தா. அடியிலயும் தேய்க்கணும்" என்றான் முகிலன்.

வெடி எப்போது ஓய்ந்தது என்று எங்களுக்குத் தெரியாது. கை ஓய்ந்த பிறகே வெளியே வந்தோம். வானம் அமைதியாக இருந்தது. நிலா குளத்தில் கிடந்தது.

மகேஸ்வரி விடுதி வாசலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். எதையும் மறைக்காமல் சொன்னேன், நாள் பார்த்து டிக்கெட் எடுத்தது உட்பட. அவள் பையனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"பிள்ள கெடச்சதுக்குச் சாமிக்குக் கும்புடுறேன் மாமா" என்றாள். "உங்களப் பத்தி இப்ப எதையும் பேசமாட்டேன்."

பேசவில்லை. ஊர் வந்து சேரும் வரை பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தாள். ரயிலில் ஜன்னலோரம் முகிலனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெடி கேட்டால் என்ன தோன்றும் என்று கேட்டேன். முதல் தடவையாகக் கேட்டேன்.

"ஆட்டோ மாமா வீட்டு அத்தை உள்ள இருக்காகன்னு தோணும்" என்றான்.

ஊருக்கு வந்ததும் ஆமத்தூரில் மாரிமுத்து வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி இறந்தபோது, எங்கள் கம்பெனி இல்லையே என்று வீட்டோடு இருந்துவிட்டவன் நான். "காப்பி சாப்பிடுறீகளா அண்ணாச்சி" என்று கேட்டார். போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்போது மாதம் ஒரு தடவையாவது போகிறேன். சாம்பிள் போடுவதை வீட்டுப் பின்னாலிருந்து நிறுத்திவிட்டு, ஊரைத் தாண்டிய எங்கள் பொட்டல் நிலத்துக்கு மாற்றச் சொன்னேன். மகன் மறுக்கவில்லை.

முகிலனுக்குப் பயம் போய்விட்டதா என்று கேட்கிறார்கள். போகவில்லை. அது போக வேண்டும் என்று நான் இப்போது வேண்டுவதும் இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெண்ணை மறக்காமல் இருந்தது அவன் ஒருவன்தான்.

இந்தத் தீபாவளிக்குக் காலையிலேயே படி நிறைய அரிசியை நான் ஊறப் போட்டேன். இருட்டி, தெருவில் முதல் வெடி கேட்டதும் கிரைண்டரை நானே போட்டேன். முகிலன் ஓடி வந்தான். கல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். நெடுநேரம் ஓட்டினோம். மாவு வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது.

மகேஸ்வரி வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு விரலால் மாவைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாமா, உளுந்து போடவேயில்லையே. இம்புட்டு மாவையும் வச்சு நான் என்ன செய்ய?" என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அடுத்த தடவ என்கிட்டச் சொல்லுங்க. நான் ஊறப் போடுறேன்."

அன்பர்களே, கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று சோர்ந்திருப்பவர்கள் இதைப் படித்தால், நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கேளுங்கள், அம்மன் காட்டுவாள், நம்புங்கள். கேட்டபின் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு, உங்கள் சட்டையைப் பிடித்து இழுப்பது யார் என்று குனிந்து பாருங்கள். நான் குனிந்து பார்க்கத் தாமதித்தேன். அப்படியிருந்தும் பிள்ளையை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பிடித்த கையை விடாமல் இருப்பதுதான் என்னால் செய்ய முடிந்த நன்றி.